ரெண்டு சம்பளம், ஒரு அடுப்பு, ஒன்பது லட்சம் கடன்: எதை முதல்ல அடைக்கிறது?

#1 நெறியாளர்

இந்த மாத மாதிரிக் கணக்கு. பல பேர் அனுப்பியதைக் கலந்து செஞ்சது, யாருடைய சொந்தக் கணக்கும் இல்லை. கதை வேண்டாம், கணக்கு மட்டும் பேசுவோம்.

கணவர் கைக்கு வர்ற சம்பளம் 42,000. மனைவிக்கு 26,000. ஊர் கோவை. ஒரு குழந்தை, பள்ளியில்.

கடன்கள்:
கிரெடிட் கார்டு அ (கணவர் பேர்): 1,40,000. மாசம் 3.5%.
கிரெடிட் கார்டு ஆ (கணவர் பேர்): 65,000. மாசம் 3.75%. மனைவிக்குப் போன மாசம்தான் தெரியும்.
பர்சனல் லோன் (கணவர் பேர்): பாக்கி 3,20,000. 15%. தவணை 11,100, இன்னும் 36 மாசம்.
நகைக்கடன் (மனைவி நகை, மனைவி பேர், தனியார் நிதி நிறுவனம்): 2,50,000. 18%.
கைமாத்து: 1,00,000, மூணு வட்டி. புரோநோட்டும் தொகை எழுதாத செக் ஒண்ணும் கொடுத்திருக்கு. இதுவும் மனைவிக்குத் தெரியாம வாங்கினது.
பைக் லோன்: தவணை 3,400, இன்னும் 11 மாசம்.
பதிவு பெற்ற சீட்டு: 5,000 × 20 மாசம். 13 கட்டியாச்சு, இன்னும் எடுக்கலை.

வீட்டுச் செலவு: வாடகை 9,000, மளிகை பால் காய் 14,000, பள்ளி 4,000, கரண்ட் கேஸ் போன் 3,500, பெட்ரோல் 3,500, ஊர்ல பெரியவங்களுக்கு 3,000. ஆக 37,000.

கேள்வி ஒண்ணுதான். எங்க ஆரம்பிக்கணும்?

#2 கணக்குப்புள்ள

முதல்ல ஓட்டை எங்கன்னு பாருங்க. மாசத் தவணைகளைக் கூட்டினா: கார்டு ரெண்டுக்கும் மினிமம் 7,000 + 3,250, லோன் 11,100, நகை வட்டி 3,750, கைமாத்து வட்டி 3,000, பைக் 3,400, சீட்டு 5,000. மொத்தம் 36,500. வீட்டுச் செலவோட சேர்த்தா 73,500. வருமானம் 68,000. மாசம் 5,500 துண்டு விழுது. அந்த 5,500 எங்கிருந்து வருது? மறுபடி கார்டுல தேய்க்கறதுலதான். மாசாமாசம் கட்டியும் கடன் ஏன் குறையலைன்னா காரணம் இதுதான்.

இன்னொண்ணு. கார்டு வட்டி 3.5% இல்லை. வட்டி மேல 18% ஜிஎஸ்டி உண்டு. 1,40,000க்கு வட்டி 4,900, ஜிஎஸ்டி 882, ஆக 5,782. மினிமம்னு 7,000 கட்டினா அசல்ல குறையறது 1,218. ஆ கார்டுல 3,250 கட்டினா அசல்ல போறது 374 ரூபாய். முழுசா கட்டாத கார்டுல வட்டியில்லாத நாட்களும் கிடையாது. இன்னைக்கு அந்தக் கார்டுல வாங்கற பாலுக்கும் இன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும்.

எல்லாக் கடனுக்கும் சேர்த்து வட்டி மட்டும் மாசம் கிட்டத்தட்ட 20,000. மனைவி சம்பளத்துல முக்கால் பாகம் வட்டிக்கே போகுது.

#3 சிறுவாடு

கணக்குக்கு முன்னாடி ஒரு விஷயம். ரெண்டு கடன் மறைச்சு வாங்கினது. மூணாவது இல்லைன்னு என்ன நிச்சயம்? அதனால முதல் வேலை, ரெண்டு பேர் பேர்லயும் கிரெடிட் ரிப்போர்ட் எடுக்கறது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நாலும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாத் தரணும். நாலையும் எடுங்க. ஒண்ணுல வராத ஆப் கடன் இன்னொண்ணுல வரும். "இப்ப வாங்கு, அப்புறம் கட்டு" கணக்குகளும் கடனாத்தான் பதிவாகும்.

ரிப்போர்ட்ல வராதது: கைமாத்து, சேட்டுக் கடை அடகு, ஆபீஸ்ல வாங்கின அட்வான்ஸ், சீட்டு எடுத்த பாக்கி, மத்தவங்களுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து. இதையெல்லாம் வாயால கேட்டுத்தான் எழுதணும்.

ஒரு நோட்டுல கட்டம் போடுங்க: யார் பேர், யார் ஜாமீன், என்ன காகிதம் கொடுத்தது, செக் நம்பர், வட்டி, தேதி. முதல் நாள் உட்கார்றது இந்த நோட்டை நிரப்ப மட்டும். "ஏன் வாங்கினே"ங்கற கேள்வி அன்னைக்கு வேண்டாம். அது வந்ததும் அடுத்த வரி நிரம்பாது. மாமியார், மச்சினர், குழந்தை யாரும் பக்கத்துல இருக்க வேண்டாம்.

#4 நாலாம்தேதி

மனைவி சிபில் சுத்தமா இருக்கும் போல. அவங்க பேர்ல 2,05,000க்கு ஒரு பர்சனல் லோன் எடுத்து ரெண்டு கார்டையும் ஒரே நாள்ல அடைச்சா என்ன? 13%க்குக் கிடைச்சா 36 மாசம், தவணை 6,900 சொச்சம். இப்ப கார்டுகளுக்குக் கட்டறது 10,250. மாசம் 3,300 மிச்சம், மூணு வருஷத்துல கடனும் முடியும். இதுல யோசிக்க என்ன இருக்கு?

#5 கணக்குப்புள்ள

கணக்கா பார்த்தா சரி. முதல் மாச வட்டி 8,658லிருந்து 2,221க்கு வந்துடும். மறுக்க முடியாது.

ஆனா கிடைக்குமா? இந்தக் குடும்பத்தோட தவணைகள் வருமானத்துல 54% ஆகுது. மனைவியைத் தனியாப் பார்த்தா அவங்க பேர்ல நகைக்கடன் ஒண்ணுதான், அதனால கிடைக்கலாம். கணவரையும் கூட்டு விண்ணப்பதாரரா சேர்த்தா அவர் கார்டு பாக்கியைப் பார்த்து வட்டி 18, 20ன்னு ஏறும். ஏஜென்ட் "வட்டி 12 தான் சார்"னு சொன்னா ஃபிளாட்டா (கட்டக் கட்டக் குறையாம முழு அசலுக்கும் வட்டி), குறையும் நிலுவையான்னு கேளுங்க. மூணு வருஷத்துக்கு 12% ஃபிளாட்னா உண்மையில 21%க்கு மேல.

#6 கருப்புக்கோட்டு

நாலாம்தேதி சொன்னதுல சட்டப்படி நடக்கற மாற்றத்தை யாரும் சொல்லலை. இப்ப கார்டு கடன் கணவரோட தனிக் கடன். மனைவி கையெழுத்து எங்கயும் இல்லைன்னா மனைவிங்கற ஒரே காரணத்துக்காக அவங்க சம்பளத்தையோ அவங்க பேர்ல இருக்கற சொத்தையோ யாரும் தொட முடியாது. அவர் இறந்தா வாரிசுகள் பொறுப்பு அவர் விட்டுப்போன சொத்து அளவுக்குத்தான். அவங்க பேர்ல லோன் எடுத்த நிமிஷம் அது அவங்க கடன். நாளைக்கு என்ன ஆனாலும், பிரிஞ்சாலும்கூட, அவங்க கடன்தான்.

ஜாமீன் கையெழுத்தும் இதே மாதிரிதான். "சும்மா ஃபார்மாலிட்டிக்கு"ன்னு சொல்லுவாங்க. ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவுப்படி ஜாமீன்தாரர் பொறுப்பு கடன் வாங்கினவர் பொறுப்புக்குச் சமம். கடன்காரரை விட்டுட்டு நேரா ஜாமீன்தாரர்கிட்ட வரலாம்.

ஆட்-ஆன் கார்டு இருந்தா அது வேற விதம். மனைவி தேய்ச்சாலும் முதன்மைக் கார்டுதாரர்தான் கட்டணும்.

#7 நாலாம்தேதி

அப்ப கூடாதுன்னு சொல்றீங்களா?

#8 கருப்புக்கோட்டு

கூடாதுன்னு சொல்லலை, கடைசி ஆயுதமா வெச்சுக்கச் சொல்றேன். அப்படி எடுத்தே ஆகணும்னா, கார்டை அடைச்ச அதே நாள் மூடச் சொல்லி எழுதிக் கொடுங்க. பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலைநாளுக்குள்ள மூடணும். தவறினா தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வங்கி தரணும்ங்கறது ரிசர்வ் வங்கி விதி. ஒரு கார்டு வேணும்னா லிமிட்டை 20,000ஆ குறைக்கச் சொல்லுங்க. லோன் வாங்கி அடைச்ச கார்டு காலியா இருந்தா ஒரு வருஷத்துல திரும்ப நிறையும். அப்ப லோனும் இருக்கும், கார்டும் இருக்கும், ரெண்டு பேர் பேரும் கெட்டிருக்கும்.

#9 ஏலச்சீட்டு

கையிலேயே வெண்ணெய் இருக்கு, நெய்க்கு ஏன் அலையறீங்க? சீட்டு 13 மாசம் கட்டியாச்சே, அதை எடுங்க.

14ஆம் மாச ஏலம். கடைசிப் பக்கம் போகப் போகத் தள்ளு (சீட்டு எடுக்கறவர் விட்டுக்கொடுக்கற தொகை) குறையும். 12,000 தள்ளுன்னு வையுங்க. நிறுவனக் கமிஷன் 5% (சட்டப்படி 7% வரைக்கும் எடுக்கலாம், 2019 திருத்தம்) 5,000 அதுலயே அடக்கம். மீதி 7,000த்தை 20 பேருக்குப் பிரிச்சா தலைக்கு 350 கழிவு, அந்த மாசம் கட்டவேண்டியது 4,650. கைக்கு வர்றது 88,000. கமிஷன் மேல ஜிஎஸ்டி 900 போனா 87,100.

கடைசி மாசம் வரைக்கும் காத்திருந்தா 94,100 வரும். ஆக, ஆறு மாசம் முன்னாடி வாங்கறதுக்கு விலை 7,000. மாசத்துக்கு 1.3%. கார்டு தின்கறது 4.1லிருந்து 4.4%. சீட்டை "சேமிப்பு, தொடக்கூடாது"ன்னு வெச்சுக்கிட்டு கார்டுக்கு மினிமம் கட்டறது கணக்கே இல்லை.

கவனிக்க வேண்டியது: சீட்டு எடுக்கறவர் மீதித் தவணைக்கு ஜாமீன் தரணும். சம்பளச் சான்றோட ஒரு ஆளோ, ரெண்டு ஆளோ கேப்பாங்க. ஏலத்துக்குப் போறதுக்கு முன்னாடியே ஆளைத் தயார் பண்ணுங்க. எடுத்தபிறகு ஜாமீன் சரியில்லைன்னு பணம் அங்கேயே முடங்கும். எடுத்தவர் தவணை தவறினா கழிவும் போயிடும், முழு 5,000 கட்டணும். இது பதிவு பெற்ற சீட்டுக்குச் சொல்றது. தெரு முனையில நோட்டுல எழுதற சீட்டுன்னா, ஒரு நிமிஷம்கூட யோசிக்காம முதல் வாய்ப்புல எடுத்துட்டு வெளிய வாங்க.

#10 கணக்குப்புள்ள

சரியான இடத்தைத் தொட்டீங்க. 87,000 வந்ததும் ஆ கார்டு 65,000 முழுசா முடியும். மீதி 22,000 அ கார்டுக்கு. அது 1,18,000 ஆகும்.

அந்த 1,18,000ஐ வங்கியில கேட்டு இஎம்ஐயா மாத்துங்க. 16%க்கு 24 மாசம்னா தவணை 5,780, வட்டி மேல ஜிஎஸ்டி சேர்த்து முதல் மாசம் 6,060 வாக்கில. இப்ப கட்டற மினிமத்தைவிடக் குறைவு, ரெண்டு வருஷத்துல முடிஞ்சும் போகும். பாக்கி தவறாம மினிமம் கட்டிக்கிட்டு இருக்கறப்பவே கேக்கணும். மூணு மாசம் விட்டுட்டுக் கேட்டா அந்தச் சலுகை திரையிலயே வராது. செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, முன்கூட்டி அடைச்சா எவ்வளவுன்னு முதல்லயே கேட்டு எழுதி வையுங்க. மாத்தின பிறகு அந்த இஎம்ஐ முழுசும் மினிமம்ல சேரும். அதே கார்டுல புதுசா ஒரு டீ வாங்கினாலும் கணக்கு கலங்கும், கார்டை வெட்டிப் போடுங்க.

மனைவி பேர்ல லோன் தேவைப்படலை பாருங்க. செலவு பண்ணவர் பேர்லயே கடன் நிக்குது.

#11 ஈரோட்டுமஞ்சள்

சீட்டுப் பணத்தைக் கார்டுக்குப் போட்டது தப்புன்னு நினைக்கறேன். கைமாத்து மூணு வட்டிதான், கார்டைவிடக் குறைவுதான். ஆனா எழுதாத செக் இன்னொருத்தன் பீரோவுல இருக்கு. வங்கிக்காரன் நோட்டீஸ் அனுப்புவான். கைமாத்துக்காரன் வீட்டு வாசலுக்கு வருவான், இல்லைன்னா பொண்டாட்டி ஆபீசுக்கு வருவான். முதல்ல அந்தச் செக்கை வாங்குங்க.

#12 கணக்குப்புள்ள

1,00,000 முழுசா இருந்தாத்தான் செக் திரும்ப வரும். 87,000 கொடுத்தா செக் அங்கேயேதான் இருக்கும், கார்டும் அப்படியே இருக்கும்.

#13 ஈரோட்டுமஞ்சள்

அதுக்குத்தான் சொல்றேன், 13,000 புரட்ட முடியாதா? மாசம் 3,000 வட்டி அப்படியே மிச்சமாகுமே.

#14 கணக்குப்புள்ள

கார்டுல 87,000 போட்டா மிச்சமாகற வட்டி மாசம் 3,780. அதுவும் இஎம்ஐயா மாத்தாம. மாத்தினா இன்னும் அதிகம். ஒருவேளை கைமாத்துக்காரர் ஏற்கனவே மிரட்ட ஆரம்பிச்சிருந்தா நீங்க சொல்ற வரிசைதான் சரி, ஒத்துக்கறேன். வட்டி ஒழுங்கா வாங்கிட்டுச் சும்மா இருக்கற ஆள்னா கார்டு முதல்ல.

#15 கருப்புக்கோட்டு

கைமாத்து விஷயத்துல ரெண்டு பேரும் இதைச் செய்யுங்க, வரிசை எதுவா இருந்தாலும்.

வட்டியை ரொக்கமாக் கொடுக்காதீங்க. வங்கி வழியா அனுப்பி, "இந்த மாச வட்டி"ன்னு குறிப்பு எழுதுங்க. செக் நம்பரைக் குறிச்சு, "இந்த நம்பர் செக் ஒரு லட்சம் கடனுக்குப் பாதுகாப்பா கொடுத்தது"ன்னு வாட்ஸ்அப்ல ஒரு வரி போட்டு அவர் பதிலையும் வையுங்க. அசல்ல பாதி கொடுத்தா புரோநோட்டுக்குப் பின்னாடி தேதியோட வரவு எழுதச் சொல்லுங்க. (வரவு எழுதினா மூணு வருஷக் காலவரையறை அந்தத் தேதியிலிருந்து புதுசா ஓடும். அடைக்கப்போற கடன்தானே, பரவாயில்லை.) பாதி அடைச்ச பிறகும் அந்தச் செக்குல முழுத் தொகையை எழுதிப் போட்டா 138 வழக்கு (செக் பணமில்லாம திரும்பினா போடற குற்ற வழக்கு) நிக்காதுன்னு 2022ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஆனா பாதி அடைச்சதுக்கு ஆதாரம் உங்ககிட்ட இருக்கணும்.

செக்கை "ஸ்டாப் பேமெண்ட்" போட்டுட்டா தப்பிச்சோம்னு நினைக்கறாங்க. அதுவும் 138க்குள்ளதான் வரும். திரும்பின செக்குக்கு 30 நாளுக்குள்ள நோட்டீஸ், கிடைச்சதுலேர்ந்து 15 நாள் கட்ட அவகாசம், அதுக்கப்புறம் ஒரு மாசத்துல வழக்கு. அந்த 15 நாள்தான் பேசி முடிக்கற நேரம், நோட்டீசை வாங்காம திருப்பி அனுப்பி அதை வீணடிக்காதீங்க.

ஜாயின்ட் அக்கவுண்ட் செக்கா இருந்தா? கையெழுத்துப் போட்டவர் மேல மட்டும்தான் வழக்கு. 2013ல தீர்ந்த விஷயம். மனைவி கணக்குல கூட்டா இருக்கார்ங்கறதுக்காக அவங்களைச் சேர்க்க முடியாது.

மூணு வட்டி, அஞ்சு வட்டி, மீட்டர் வட்டின்னு போனா 2003 கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கு, மூணு வருஷம் வரைக்கும் சிறை, 30,000 வரைக்கும் அபராதம். மிரட்டல் வந்தா எஸ்.பி. அலுவலகத்துல மனு, திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டத்துல ஒரு மனு, ரெண்டுக்கும் ரசீது.

#16 ஏலச்சீட்டு

மூணு வட்டிக்கே இந்தப் பேச்சு. தண்டல்காரர் 8,500 கொடுத்து நாளைக்கு 100 வீதம் 100 நாள் வாங்கறாரே, அது மாசம் பத்து வட்டிக்குச் சமம். மார்க்கெட்ல பாதிப் பேருக்கு அது தெரியறதில்லை.

#17 எட்டுகிராம்

நகைக்கு வர்றேன். 2,50,000க்கு 18%னா வருஷம் 45,000 வட்டி. அதே நகையை வங்கியிலயோ கூட்டுறவுலயோ 9.5%க்கு வெச்சா 23,750. வருஷம் 21,000 சும்மா கிடைக்குது, இதை ஏன் இன்னும் செய்யலைன்னு கேட்டா பதில் ஒண்ணுதான்: மீட்க ஒரு நாளைக்கு ரெண்டரை லட்சம் கையில வேணும்.

அதுக்கு நாள் வட்டிக்கு வாங்காதீங்க. சில வங்கிகள் நேரா மாற்றுக் கடனாவே எடுத்துக்கும், கிளையில "டேக் ஓவர்" உண்டான்னு கேளுங்க. இல்லைன்னா இருக்கற இடத்துலயே கடன் ரெண்டு மூணு அட்டையா (தனித்தனி அடகா) பிரிஞ்சிருக்கான்னு பாருங்க. சின்ன அட்டையை முதல்ல மீட்டு, வங்கியில வெச்சு, அந்தப் பணத்துல அடுத்ததை மீட்கலாம். ஏணிப்படி மாதிரி.

மறுபடி வைக்கும்போது எல்லாத்தையும் ஒரே பொட்டலமா வைக்காதீங்க. 50,000 வீதம் அஞ்சு கடனா வையுங்க. ஒண்ணு ஒண்ணா மீட்கலாம். ஒரே கடனா வெச்சா முழுப் பணம் சேர்ற வரைக்கும் ஒரு மோதிரம்கூட வெளிய வராது. கம்மல், வளையல்னு எந்தப் பொட்டலத்துல எதுன்னு எடையோட எழுதி போட்டோ எடுத்து வையுங்க.

பெரிய அபாயம் வேற. பவுன் விலை ஏறினதால அதே நகைக்கு இன்னைக்கு நாலு லட்சம் தர்றேன்பாங்க. 2026 ஏப்ரலிலிருந்து 2.5 லட்சம் வரைக்கான கடனுக்கு மதிப்புல 85% வரைக்கும் கொடுக்கலாம்னு விதியும் வந்திருக்கு. கிடைக்குதேன்னு கூடுதலா வாங்கினா, விலை இறங்கினாலோ வட்டி சேர்ந்தாலோ ஏலத்துக்குப் போற தூரம் குறையும். 2,50,000ஐ 2,50,000ஆவே மாத்துங்க. வட்டியை மாசாமாசம் கட்டுங்க. வருஷக் கடைசியில வட்டி கட்டித் திருப்பி வைக்கறதுன்னு விட்டா அந்த வட்டிக்கும் சேர்த்துக் கடன் வாங்குவீங்க. ஏலம் போயே போச்சுன்னா, கடன் போக மீதித் தொகை உங்களுக்குச் சேரவேண்டியது, எழுதிக் கேளுங்க.

அப்புறம், 2021ல கூட்டுறவுல அஞ்சு பவுன் வரைக்கும் தள்ளுபடி பண்ணாங்களே, மறுபடி வரும்னு காத்திருக்கறவங்க நிறைய. வரலாம், வராமலும் போகலாம். வட்டி மட்டும் நிச்சயம் வரும்.

#18 சிறுவாடு

நகையைப் பத்தி எல்லாரும் கிராமாவே பேசறீங்க. அது மனைவியோட சீர்தனம். கணவனுக்கு அதுல பங்கு கிடையாது, ஆபத்துக்கு எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பித் தரவேண்டிய கடமை அவருக்கு உண்டுன்னு 2024 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லியிருக்கு. அதனால நோட்டுல "நகைக்கடன் 2,50,000"னு எழுதாதீங்க. "கணவர் மனைவிக்குத் தரவேண்டியது, இத்தனை கிராம்"னு எழுதுங்க. ரூபாயா எழுதினா மூணு வருஷம் கழிச்சு அந்த ரூபாய்க்கு அதே நகை வாங்க முடியாம போகலாம்.

என் பேரை வெச்சே ஒண்ணு சொல்லிடறேன். சிறுவாட்டுப் பணம் இருந்தா அதைக் கார்டுல கொட்டச் சொல்லி அவங்களை யாரும் நெருக்க வேண்டாம். இருக்குன்னு நோட்டுல சொல்லட்டும். தொகை 20,000 வரைக்கும் வீட்டு அவசரத்துக்குன்னு அவங்க பேர்லயே இருக்கட்டும். காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி போறதுக்குக் கார்டைத் தேய்க்காம இருக்க அது போதும்.

#19 கணக்குப்புள்ள

இப்ப புதுக் கணக்கு. ஆ கார்டு முடிஞ்சது. அ கார்டு 6,060. லோன் 11,100. நகை வட்டி வங்கியில 1,980. கைமாத்து வட்டி 3,000. பைக் 3,400. சீட்டு 4,650. மொத்தம் 30,200 சுமார். வீட்டுச் செலவு 37,000 சேர்த்தா 67,200. வருமானம் 68,000.

பாருங்க, இவ்வளவு பண்ணியும் மிச்சம் 800 ரூபாய்தான். ஆனா துண்டு விழறது நின்னுடுச்சு.

இனிமேதான் 37,000ல 4,000 குறைக்கணும். ஊருக்கு அனுப்பற 3,000த்துல கை வைக்காதீங்க, அங்க குறைச்சா வீட்டுக்குள்ள சண்டை வேற ரூபத்துல வரும். ரேஷன் பருப்பும் பாமாயிலும் விடாம வாங்குங்க. மனைவி போற வழியில சாதாரணக் கட்டண டவுன் பஸ் இருந்தா டிக்கெட்டுக்குக் காசே கிடையாது, வண்டியை வீட்டுல விடலாம். வெளிச் சாப்பாடு, ஓடிடி, ரெண்டு போன் திட்டம், அங்க 1,500 நிச்சயம் கிடைக்கும்.

மாசம் 4,800 மிச்சம்னா முதல் ரெண்டு மாசம் கைச்செலவுக்கு ஒதுக்குங்க. அப்புறம் கைமாத்துக்காரர் சில்லறையா வாங்கமாட்டார், 25,000 சேர்த்துச் சேர்த்துக் கொடுங்க. ஆறு மாசத்துல சீட்டுத் தவணை விடுபடும், 11ஆம் மாசம் பைக் விடுபடும். விடுபட்ட தவணை அப்படியே கைமாத்துக்குப் போகணும், வீட்டுச் செலவுக்குள்ள கரையக்கூடாது. 14 மாசம் வாக்கில கைமாத்து முடியும். அதுக்கப்புறம் மாசம் 16,000 போல நகைக்கு. மூணு மாசத்துக்கு ஒரு பொட்டலம். 24ல கார்டும் முடியுது. 28, 29 மாசத்துல கடைசிப் பொட்டலம் வீட்டுக்கு வந்துடும்.

பர்சனல் லோனைத் தொடவே தொடாதீங்க. 15%தான், அதோட இது நிலையான வட்டியா இருந்தா முன்கூட்டி அடைக்கக் கட்டணம் கேப்பாங்க. தனிநபர் கடன்ல மாறும் வட்டிக்குத்தான் அந்தக் கட்டணம் கூடாதுன்னு விதி.

#20 நாலாம்தேதி

பங்கு எப்படிப் பிரிக்கறது? பாதிப் பாதியா?

#21 சிறுவாடு

பாதிப் பாதின்னா 26,000 சம்பளக்காரங்களுக்குக் கையில எதுவும் மிஞ்சாது. 42:26ங்கறது 62:38. அந்த விகிதத்துல ரெண்டு பேரும் ஒரு பொதுக் கணக்குக்கு அனுப்பணும், அதுலேர்ந்துதான் வாடகை, மளிகை, தவணை எல்லாம். ரெண்டு பேருக்கும் தனியா ஒரே அளவு, ஆளுக்கு 1,000. அதைப் பத்தி யாரும் யாரையும் கேக்கக்கூடாது. 4,000 குறைக்கும்போது இந்த 2,000த்தையும் விட்டுடாம கணக்குல வையுங்க. அது இல்லாம போட்ட திட்டம்தான் மறுபடி ஒளிச்சுக் கடன் வாங்க வைக்கும்.

#22 நாலாம்தேதி

பொதுக் கணக்கை, லோனோ கார்டோ இருக்கற வங்கியில தொடங்காதீங்க. பாக்கி விழுந்தா அதே வங்கியில இருக்கற கணக்குல லீன் (பணத்தை எடுக்க விடாத தடை) போட்டு நிறுத்துவாங்க, கூட்டுக் கணக்குல அது செல்லுமா செல்லாதான்னு நீங்க அலையறதுக்குள்ள வாடகைத் தேதி போயிடும்.

தேதிகளும் முக்கியம். ஒருத்தருக்கு 1ஆம் தேதி சம்பளம், இன்னொருத்தருக்கு 7. தவணை 5ஆம் தேதின்னா மாசாமாசம் பவுன்ஸ் ஆகும். உங்க வங்கி ஒரு கட்டணம், கடன் கொடுத்தவர் ஒரு கட்டணம், ரெண்டுக்கும் ஜிஎஸ்டி. கார்டு பில் தேதியை ஒரு தடவையாவது மாத்தித் தரணும்னு விதி இருக்கு. லோனுக்குக் கேட்டுப் பார்க்கலாம். எல்லாத்தையும் 10ஆம் தேதிக்குக் கொண்டுவாங்க. யுபிஐ ஆட்டோபே பட்டியலையும் ஒரு தடவை திறந்து பாருங்க. மறந்துபோன சந்தா குறைஞ்சது நாலு இருக்கும்.

#23 ஈரோட்டுமஞ்சள்

ஜூன் மாசம் என்ன பண்ணுவீங்க? பள்ளிக் கட்டணம் மாசம் 4,000ன்னு போட்டிருக்கு, அது மாசாமாசம் போறதில்லையே. ஜூன்ல 24,000, நவம்பர்ல 24,000ன்னு கேப்பாங்க. கரண்ட் பில் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா. தீபாவளி. வண்டி இன்சூரன்ஸ். இதுக்கெல்லாம் தனியா ஒரு ஆர்டி போடலைன்னா எவ்வளவு நல்ல திட்டமும் ஜூன்ல உடையும்.

மொய்யையும் எழுதுங்க. மொய் நோட்டை எடுத்து, நமக்கு யார் எவ்வளவு வெச்சாங்க, அவங்க வீட்டுல அடுத்த விசேஷம் எப்பன்னு பாருங்க. வட்டி இல்லாத கடன்தான், ஆனா தேதி நம்ம கையில இல்லை. ஆவணி, தைன்னா ஒரே வாரத்துல மூணு பத்திரிகை வரும்.

#24 புதுவரவு99

இவ்வளவு கட்ட முடியாதுன்னா? ஒருத்தருக்கு வேலை போனா? செட்டில்மெண்ட் (ஒரு பகுதியை மட்டும் கட்டிக் கடனை முடிக்கறது) பண்ணித் தர்றோம்னு விளம்பரம் வருதே.

#25 கருப்புக்கோட்டு

முன்பணம் வாங்கிட்டு "தவணையை நிறுத்துங்க, நாங்க பாத்துக்கறோம்"னு சொல்றவங்ககிட்ட போகாதீங்க. அவங்க செய்யறதை நீங்களே செய்யலாம். வேலை போன உடனே, பவுன்ஸ் ஆகறதுக்கு முன்னாடி, வேலை நீக்கக் கடிதத்தோட வங்கிக்கு எழுதி கால நீட்டிப்பு கேளுங்க.

செட்டில்மெண்ட்னா வங்கித் தாள்ல எழுத்து வந்தபிறகுதான் பணம், அதுவும் கடன் கணக்குக்கு மட்டும். வசூல்காரரோட தனி யுபிஐக்கு ஒரு ரூபாய் போடாதீங்க. சிபில்ல "செட்டில்டு"ன்னு பதியும், "குளோஸ்டு" ஆகாது. பின்னாடி ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்கடன் கேட்டா அது அங்க வந்து நிக்கும். வழக்கு வந்துட்டா லோக் அதாலத் நல்ல இடம், ஆனா அங்க போட்ட கையெழுத்துக்கு மேல்முறையீடு கிடையாது. கட்ட முடியற தொகைக்கு மட்டும் ஒத்துக்கங்க.

வசூல்காரர் காலை 8க்கு முன்னாடியும் இரவு 7க்குப் பின்னாடியும் கூப்பிடக்கூடாது, உறவுக்காரங்களை மிரட்டக்கூடாது. முதல்ல வங்கிக்கு எழுத்துல புகார், 30 நாள்ல பதில் இல்லைன்னாலோ திருப்தி இல்லைன்னாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர், 14448ல விவரம் கேக்கலாம். போட்டோவை மாத்தி மிரட்டற ஆப்னா 1930.

கோர்ட்ல உங்களுக்கு எதிரா டிகிரியே (தீர்ப்பாணை) ஆனாலும் சம்பளத்தை முழுசா எடுக்க முடியாது. முதல் 1,000 ரூபாயும், மீதியில மூணுல ரெண்டு பங்கும் உங்களுக்கு. 42,000ல அதிகபட்சம் 13,667தான் பிடிக்கலாம், ஒரே டிகிரிக்கு 24 மாசத்துக்கு மேல பிடிக்க முடியாது. பி.எஃப். தொட முடியாது. சமையல் பாத்திரம், படுக்கை, தாலி இதெல்லாம் ஜப்திக்கு வெளியே, சிவில் நடைமுறைச் சட்டம் 60.

மஞ்சக் கடுதாசி (திவால் மனு) பத்திக் கேப்பீங்க. 2016 திவால் சட்டத்துல தனிநபர் பகுதி இன்னும் கம்பெனிக்கு ஜாமீன் போட்டவங்களுக்கு மட்டும்தான் நடைமுறையில இருக்கு. மத்தவங்களுக்குப் பழைய 1909, 1920 சட்டங்கள்தான். ஒன்பது லட்சத்துக்கு, ரெண்டு சம்பளம் வந்துக்கிட்டு இருக்கற வீடு அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

#26 எட்டுகிராம்

குழுக் கடன் பத்தி யாரும் சொல்லலை. மனைவிக்கு "அக்கா, 60,000 தர்றோம், வாராவாரம் கட்டினா போதும்"னு வருவாங்க. பிணையில்லாத நுண்கடன்னு கொடுக்கறதுக்குக் குடும்ப வருமானம் வருஷம் 3 லட்சத்துக்குள்ள இருக்கணும், எல்லாத் தவணையும் சேர்த்து மாச வருமானத்துல பாதியைத் தாண்டக்கூடாது, 2022 விதி. இந்த வீட்டுக்கு ரெண்டுமே பொருந்தாது. வருமானத்தைக் குறைச்சு எழுதித்தான் தருவாங்க. கையெழுத்துப் போடாதீங்க.

#27 நாலாம்தேதி

தீபாவளி போனஸ் 18,000 வருதுன்னு வையுங்க. எங்க போடறது?

#28 கணக்குப்புள்ள

அப்ப கைமாத்துக்குன்னு கையில சேர்ந்திருக்கறதோட 25,000க்கு எவ்வளவு குறையுதுன்னு பாருங்க. முதல்ல அது. மீதியில துணிமணி.

#29 கருப்புக்கோட்டு

கொடுக்கப் போற முந்தின நாளே கைமாத்துக்காரருக்குப் போன் பண்ணி புரோநோட்டை எடுத்துவெக்கச் சொல்லுங்க. "நோட்டு ஊர்ல இருக்கு, அப்புறம் எழுதிக்கலாம்"னா பணமும் அப்புறம். கடைசித் தவணை அன்னைக்கு ரெண்டு பேருமே போங்க. "முழுவதும் பெற்றுக்கொண்டேன்"னு எழுதின புரோநோட்டு மூலமும் அந்தச் செக்கும் கைக்கு வந்தபிறகு அங்கேயே ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு வெளிய வாங்க. வீட்டுக்கு வந்து கிழிக்காதீங்க, மூணு வருஷம் பீரோவுல இருக்கட்டும்.